விளக்கு வைத்த பிறகு மணக்கும் செடி

2021 கார்த்திகை மாதம். இரண்டு நாள் அடைமழை விட்டு, முற்றத்தில் ஓட்டுத் தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. இராத்திரி எட்டரை மணி இருக்கும். நான் அடுப்படியில் மறுநாளைக்கு மாவு கரைத்து வைத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் படுத்திருந்த அத்தை குரல் கொடுத்தார்.

"ஏம்மா, யாராச்சும் வந்திருக்காங்களா? பூ வாசம் வருது."

யாரும் வரவில்லை. அத்தைக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. ஒரு கண்ணில் பார்வை சுத்தமாக இல்லை, இன்னொன்றில் நிழல் போலத்தான் தெரியும். ஆனால் மூக்கு அப்படிப்பட்டது. பால் பொங்கப் போகிறது என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். "மல்லி இல்ல. எலுமிச்சம்பூ மாதிரி ஆரம்பிக்குது, அப்புறம் வேற என்னமோ ஆயிடுது" என்றார்.

எனக்குக் கை நடுங்கியது. டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினேன். உத்தரத்தில் தொங்கிய தேக்குக் கட்டையில், பென்சில் மாதிரி உருண்ட இலைகளுக்கு நடுவே இரண்டு பூ. மெலிந்த, பச்சை ஓடிய ஐந்து விரல்கள். நடுவில் வெற்றிலையைச் சின்னதாக்கி வெள்ளையில் செய்து வைத்த மாதிரி ஒரு இதழ். காலையிலேயே விரிந்திருந்தது. நான் முகர்ந்து பார்த்து, வாசமே இல்லையே என்று ஏமாந்திருந்தேன். அது விளக்கு வைத்த பிறகுதான் மணக்கும் என்று படித்திருந்தும் மறந்துபோனேன்.

இந்தச் செடிக்குத் தமிழில் பெயர் கிடையாது. பிராசவோலா நோடோசா என்பது தாவரவியல் பெயர். மெக்சிகோவில் தொடங்கி மத்திய அமெரிக்கா வழியாகத் தென் அமெரிக்காவின் வடக்குக் கரை வரை வளர்கிற ஆர்க்கிட். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இலேயே வேறு பெயரில் இதைப் பதிவு செய்திருக்கிறார். இப்போதுள்ள பெயர் 1831இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி வைத்தது. அங்கே இதை 'இரவின் சீமாட்டி' என்று அழைக்கிறார்கள். கடலோரப் பாறைகளிலும், அலையாத்திக் காட்டு மரங்களிலும் ஒட்டிக்கொண்டு வளர்வதாகப் படித்ததும் எனக்கு முத்துப்பேட்டைதான் ஞாபகம் வந்தது. சூடும் புழுக்கமும் கடல் காற்றும் பழகிய செடி என்றால் நம் பக்கத்துக்குச் சரிப்படும் என்று நினைத்தேன். மலைப் பிரதேசத்து ஆர்க்கிட்டை வாங்கி மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊட்டி குளிரை எங்கே போய்த் தேடுவது?

ஆனால் சரியான செடியைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலைதான் முடியும். மீதிப் பாதி நம் கையை மாற்றிக்கொள்வது. எனக்கு அதற்கு நான்கு வருஷம் ஆனது.

முதலில் என்னிடம் வந்தது வேறு ஆர்க்கிட். 2017இல் ஒரு கல்யாணத்தில் யாரோ பரிசாகக் கொடுத்த பெலனாப்சிஸ். கடைகளில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூங்கொம்பு வளைந்து நிற்குமே, அதுதான். வாசம் கிடையாது, அழகு உண்டு. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டியில் ஏதோ பாசியும் மரப்பட்டையும் போட்டு வந்தது. மண்ணே இல்லையே, பாவம் என்று நினைத்தேன். வயல் மண்ணும் மணலும் மக்கிய சாணமும் கலந்து, ரோஜாவுக்கு வைப்பது போல வைத்து, காலையும் மாலையும் ஊற்றினேன். மூன்று வாரத்தில் இலை தொங்கியது. தண்ணீர் போதவில்லை போல என்று இன்னும் ஊற்றினேன். ஐந்தாவது வாரம் செடியைத் தூக்கினால் தலை மட்டும் கையோடு வந்தது. மண்ணுக்குள் வேரெல்லாம் பழுப்பாகிக் கூழாகியிருந்தது. ஒன்றை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். மேல் தோல் உறை போல உருவிக்கொண்டு வர, நடுவில் நூல் மாதிரி நரம்பு மட்டும் நின்றது.

தண்ணீர் நின்றால் பயிர் செழிக்கும் என்று பார்த்தே வளர்ந்த ஊர் இது. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் சிரிக்கிற சனம் நாம். இலை வாடினால் நம் கை தானாகச் செம்பைத் தேடும். ஆர்க்கிட்டில் வேர் அழுகினாலும் இலை வாடும், வேர் காய்ந்தாலும் இலை வாடும். இலையை மட்டும் பார்த்து முடிவெடுத்ததால்தான் அந்தச் செடி செத்தது. வேரைப் பார்க்க வேண்டும்.

வேரைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது ஒரு மாமரம். என் பிறந்த வீடு வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரை கடந்தபோது எங்கள் கொல்லையில் நின்ற மாமரங்களில் ஒன்றுகூட மிச்சமில்லை. நான்கு நாள் கழித்துத்தான் போக முடிந்தது. அம்மா வாசலில் உட்கார்ந்து மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சாய்ந்து கிடந்த ஒட்டு மாமரத்தின் கிளையில் வார் வாராக இலையோடு ஒரு செடி ஒட்டிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் அதைப் புல்லுருவி என்று நினைத்துப் பிய்த்து எறிந்திருக்கிறோம். அது புல்லுருவி இல்லை. வாண்டா டெசல்லேட்டா என்கிற ஆர்க்கிட், நம் சமவெளிக்கே உரியது. புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கி உறிஞ்சும். இந்த ஆர்க்கிட் தொற்றுத் தாவரம். மரத்தில் உட்கார இடம் மட்டும்தான் கேட்கும். சாப்பாடும் தண்ணீரும் காற்றிலும் மழையிலும் பட்டையில் சேர்கிற தூசியிலும் எடுத்துக்கொள்ளும். சோழமண்டலக் கரைத் தாவரங்களை ஆராய்ந்த வில்லியம் ராக்ஸ்பர்க் 1795இல் இதை விவரித்திருக்கிறார். அவருக்கும் முன்னால், 1768இல் நம் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த யோகான் கெர்ஹார்ட் கோனிக், லின்னேயஸின் மாணவர், பின்னாளில் சயாம் வரை போய் ஆர்க்கிட்டுகளை விவரித்து எழுதியவர். ஆர்க்கிட் என்றால் வெளிநாட்டுச் சமாச்சாரம், நமக்கு ஒத்துவராது என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இது நினைவு வரும்.

எப்படியும் விறகாகப் போகிற கிளைதானே என்று அறுத்து, செடியோடு பேருந்தில் கொண்டுவந்து முற்றத்து ஓரத்தில் தொங்கவிட்டேன். அதற்குத் தொட்டி இல்லை, மண் இல்லை. வேரெல்லாம் வெளியே. ஒரு நாள் காலை தண்ணீர் தெளித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். காய்ந்த வேர் சாம்பல் வெள்ளையாக, திருநீறு பூசிய மாதிரி இருந்தது. தண்ணீர் பட்ட இடம் ஒரு நிமிடத்துக்குள் பச்சையாக மாறியது. துணியில் மை பரவுகிற மாதிரி பச்சை ஓடியது. பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தால் மறுபடி வெள்ளை. வேரைச் சுற்றி வெலாமன் என்று பஞ்சு போன்ற ஒரு திசு உண்டு. அதில் காற்று இருக்கும்போது வெள்ளையாகத் தெரியும். தண்ணீர் நிறைந்தால் உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரியும். குடித்து முடித்து அது வெள்ளையாகிக் காற்று வாங்கினால்தான் அடுத்த முறை குடிக்கும். இதைக் கண்ணால் பார்த்த பிறகு எனக்கு நாள் கணக்கு தேவைப்படவில்லை. 'வாரம் ரெண்டு தடவை ஊற்று' என்று யார் சொன்னாலும் அது அவர் வீட்டுக் காற்றுக்கான கணக்கு. வேர் வெள்ளையா, ஊற்று. பச்சையா, விட்டுவிடு.

பிராசவோலாவை 2019 தை மாதம் வாங்கினேன். தபாலில் வந்தது, ஐந்து இலை, 450 ரூபாய். வாங்கும்போது பூவோடு இருக்கிற செடியைக் கேட்காதீர்கள். பச்சை நுனியோடு வேர் இருக்கிறதா என்று படம் அனுப்பச் சொல்லுங்கள். காட்டிலிருந்து பறித்து மலைப்பாதை ஓரத்தில் விற்கும் செடிகளைத் தயவுசெய்து வாங்காதீர்கள். அவை வீட்டில் பெரும்பாலும் பிழைப்பதில்லை, காட்டிலும் குறைந்துகொண்டே வருகின்றன.

தொட்டிக்கு என்ன செய்வது என்று யோசித்தேன். எங்கள் ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டரில் பொங்கலுக்குப் பானை செய்கிற குடும்பம் ஒன்று இருக்கிறது. அந்தப் பெரியவரிடம் போய், சுடுவதற்கு முன்னால் பக்கவாட்டில் சுற்றிலும் ஓட்டை போட்டு ஒரு சட்டி வேண்டும் என்றேன். "தண்ணி நிக்காத சட்டிய வச்சு என்னங்கம்மா பண்ணப் போறீங்க?" என்றார். செடி வைக்க என்றதும் இன்னும் குழம்பினார். ஆனாலும் ஈரச் சட்டியைச் சக்கரத்திலேயே வைத்து, ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாகக் குத்திப் பன்னிரண்டு ஓட்டை போட்டார். அந்த விரல் ரேகைகூட ஓட்டை விளிம்பில் பதிந்திருக்கிறது. பளபளவென்று பூச்சு பூசிய தொட்டியை விட இந்த மாதிரி சுட்ட மண் சட்டி நல்லது. சுவரே தண்ணீரை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும்.

உள்ளே போட வேண்டியது நம் வீட்டைச் சுற்றியே கிடைக்கும். உடைந்த நாட்டு ஓடு, விறகுக் கரி, தேங்காய் மட்டைத் துண்டு. கரிக்கு நான் இஸ்திரி போடுகிறவரிடம் போனேன். பெருவிரல் அளவுக்கு உடைத்து, தூசி போகக் கழுவ வேண்டும். தேங்காய் மட்டையை அப்படியே போடக் கூடாது. அதில் உப்பும் கறையும் உண்டு, கடற்கரைப் பக்கத்து மட்டை என்றால் உப்பு இன்னும் அதிகம். வாளியில் ஊறப் போட்டு, தினம் தண்ணீரை மாற்றி, டீத்தண்ணி நிறம் குறையும் வரை வைத்திருக்க வேண்டும். எனக்கு ஐந்து நாள் ஆனது. நான் செய்த தப்பு, மட்டையை முக்கால் பங்கும் ஓட்டுத் துண்டையும் கரியையும் கால் பங்கும் போட்டது. சும்மா கிடைக்கிறதே என்று அள்ளிப் போட்டுவிட்டேன். அந்தத் தப்புக்கு விலை 2020 டிசம்பரில் கொடுத்தேன்.

புரெவி புயல் வந்த சமயம் அது. காற்று அவ்வளவு இல்லை, ஆனால் மழை நிற்கவே இல்லை. ஊரே தண்ணீரில் நின்றது. மின்சாரம் போய்ப் போய் வந்தது. ஒன்பது இலையாகியிருந்த செடியைக் கூடத்துக்குள் டிவி மேசை பக்கத்தில் பத்திரமாக வைத்திருந்தேன். ஒரு சொட்டு மழைகூட அதன் மேல் படவில்லை. மழை தொடங்குவதற்கு முதல் நாள் நான் ஊற்றியதுதான் கடைசித் தண்ணீர். அப்படியும் எட்டாம் நாள் ஒரு இலையின் அடியில் கறுப்பு வந்தது. மறுநாள் மூன்று இலை. தொட்டால் கொழகொழவென்று இருந்தது. சட்டிக்குள் விரல் விட்டால் மட்டைத் துண்டுகள் முதல் நாள் ஊற்றிய ஈரத்தோடு அப்படியே இருந்தன. கதவு, சன்னல் எல்லாம் சாத்தி, காற்றாடியும் ஓடாமல், அறைக் காற்று அசையாமல் நின்றதுதான் காரணம். பூஞ்சை வகையறா நோய்க்கு நிற்கும் ஈரமும் நிற்கும் காற்றும் போதும்.

அப்போது செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். புது பிளேடு ஒன்றை அடுப்புத் தீயில் சிவக்கக் காட்டி ஆற விட்டேன். கறுப்பு பரவியிருந்த தண்டை, உள்ளே சுத்தமான வெளிர்ப் பச்சை தெரியும் இடம் வரை வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி தீயில் காட்டினேன். ஒரு செடியின் வைரஸ் இன்னொன்றுக்குப் போவதே பெரும்பாலும் இந்தக் கத்தி வழியாகத்தான். சமையலுக்கு வைத்திருந்த பட்டையைப் பொடித்து வெட்டுவாயில் மட்டும் வைத்தேன். வேரில் படக் கூடாது, பட்டைத் தூள் வேரைக் காய வைத்துவிடும். நாலு நாள் தண்ணீரே காட்டாமல் தாழ்வாரத்தில் காற்று படும் இடத்தில் வைத்தேன். நான்கு இலை பிழைத்தது.

பொங்கல் முடிந்து, புதுத் துளிர் ஒன்றின் அடியில் வேர் நுனி பச்சையாக எட்டிப் பார்த்தபோது, சட்டியை விட்டுக் கட்டைக்கு மாற்றினேன். இடம் மாற்றுவதற்கு இதுதான் நேரம், நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டாம். புது வேர் கிளம்பும்போது மாற்றினால் அது போய்ப் பிடித்துக்கொள்ளும். மற்ற நேரம் மாற்றினால் மாதக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும். வீட்டில் பழைய தேக்கு உத்தரத்தில் அறுத்த ஒரு முழத் துண்டு கிடந்தது. வார்னிஷ், பெயிண்ட் எதுவும் படாத கட்டையாக இருக்க வேண்டும். செடியின் தண்டைக் கட்டையோடு ஒட்ட வைத்து, வேருக்கு அடியில் கொஞ்சம் தேங்காய் நார் வைத்து, வாழை நாரால் கட்டினேன். பூ கட்டுகிற நார்தான். கம்பி தண்டை அறுக்கும், நைலான் கயிறு காலத்துக்கும் கிடக்கும். வாழை நார் இற்றுப் போகும், நான் நடுவில் ஒரு தடவை மாற்றிக் கட்டினேன். இரண்டாவது நார் இற்று விழும்போது வேர் கட்டையைப் பிடித்துவிட்டது. இப்போது பிடுங்கினால் மரச் செதிலோடுதான் வரும்.

கட்டையில் கட்டினால் அழுகல் பயம் குறையும், ஆனால் தண்ணீர் வேலை கூடும். எங்கள் வீட்டில் சித்திரை, வைகாசியில் காலை ஆறரைக்கு ஒரு தடவை, கத்திரி வெயில் உச்சத்தில் நான்கு மணிக்கு இன்னொரு தடவை. ஆனி, ஆடியில் மேல்காற்று வீசும்போதும் அப்படித்தான். புழுக்கம் இல்லையே என்று நமக்கு இதமாக இருக்கும், ஆனால் அந்தக் காற்று வேரைச் சுருட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பத்து நாள் தொடர்ந்து தண்ணீர் காட்டாமலே இருந்திருக்கிறேன். மார்கழிப் பனியில் ஒன்று விட்டு ஒரு நாள். ஊற்றினால் வேர் முழுக்கப் பச்சையாகும் வரை ஊற்ற வேண்டும், லேசாகத் தெளித்துவிட்டுப் போவதில் பிரயோசனம் இல்லை. பொழுது சாய்வதற்குள் இலைக் கணுவில் ஈரம் இருக்கக் கூடாது.

அடுத்தது, எந்தத் தண்ணீர் என்பது. டெல்டாவில் ஆர்க்கிட் வளர்க்கிறவர்கள் அதிகம் கவனிக்காத விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டு போர் தண்ணீரை, கேன் தண்ணீர் போடும் பையன் வைத்திருந்த, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பார்த்தேன். 1,100 காட்டியது. மழைத் தண்ணீர் 20 கூட இல்லை. போர் தண்ணீர் ஊற்றிய நாளில் சட்டி ஓரமெல்லாம் வெள்ளைப் பூப்பூத்திருந்தது, வேர் நுனிகள் கருகியிருந்தன. அது நோய் என்று நினைத்து மருந்து தேடிக்கொண்டிருந்தேன். உப்புதான் நோய். நெல்லும் வாழையும் தாங்கும் உப்பை இந்த வேர் தாங்காது. கடலோரத்துச் செடியாயிற்றே என்று கேட்கலாம். அங்கேயும் அது மரத்தின் மேல் மழையைத்தான் குடிக்கிறது.

2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது எங்கள் வீட்டிலும் ஓட்டுத் தண்ணீருக்குக் குழாய் போட்டுக் கிணற்றில் விட்டார்கள். அந்தக் குழாயில் ஒரு கிளை எடுத்து 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் இரண்டு வைத்திருக்கிறேன். முதல் பத்து நிமிட மழையை விட்டுவிடுவேன், ஓட்டுத் தூசியும் காக்கை எச்சமும் போகட்டும். டிரம் வாயில் பழைய வேட்டியை இரண்டு மடிப்பாகக் கட்டிவிட்டால் கொசு வராது. கார்த்திகையில் நிறைந்தது ஆனி வரைக்கும் வருகிறது, ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் எனக்குத் தேவைப்படாது. டிரம் காலியானால் கேன் தண்ணீர். ஆர்ஓ இயந்திரம் கழித்து விடுகிற தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். வீணாகிறதே என்று மனசு கேட்காது, ஆனால் உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

உரம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உரக்கடையில் கிடைக்கும், தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம், ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கால் கிராம், வாரம் ஒரு முறை, நனைந்த வேரின் மேல். மாதத்தில் ஒரு வாரம் வெறும் மழைத் தண்ணீரை ஊற்றிக் கழுவி விடுவது. மழைக்காலத்தில் உரமே வேண்டாம். சாணக் கரைசல், மீன் அமிலம் எல்லாம் வயலுக்கும் தோட்டத்துக்கும் நல்லது. இதற்கு வேண்டாம், வேரில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு காற்றை அடைத்துவிடும்.

பூச்சியும் அப்படித்தான், கண்ணில் பட்ட அன்றே கவனித்தால் பெரிய விஷயம் இல்லை. எறும்பு வரிசை கட்டையில் ஏறினால் எங்கோ செதில் பூச்சியோ மாவுப் பூச்சியோ இருக்கிறது என்று அர்த்தம். ஈரப் பஞ்சால் துடைத்து, வேப்பெண்ணெயை சோப்புத் தண்ணீரில் கலந்து சாயங்காலம் தெளிப்பேன். வெயிலில் தெளித்தால் இலை வெந்துவிடும். மழைக்காலத்தில் நத்தை வரும், வேர் நுனிதான் அதற்குப் பிரியம். இரவில் டார்ச் அடித்துக் கையால் எடுத்துப் போடுவதுதான் என் வைத்தியம்.

செடி பிழைத்தது, வேர் பிடித்தது, ஆனால் பூக்கவில்லை. வாங்கி இரண்டரை வருஷம் ஆகியும் பூ இல்லை. வேலை மெனக்கெட்டு இலையை வளர்த்துக்கொண்டிருக்கிறேனா என்று சலிப்பு வந்தது. இலை மட்டும் கரும்பச்சையாக, நீளமாக, அழகாகத் தொங்கியது. அந்த அழகுதான் குறை என்று அப்புறம்தான் புரிந்தது. கட்டை தொங்கிய கூடத்தின் உள்பக்கம் நமக்கு வெளிச்சமாகத் தெரிந்தாலும் செடிக்கு அது இருட்டு. பிராசவோலாவுக்கு வெயில் வேண்டும். இலை மஞ்சள் ஓடிய இளம்பச்சையாகி, அங்கங்கே செம்புள்ளி தெளித்த மாதிரி வந்தால் வெளிச்சம் போதும் என்று பொருள். நெல் பயிரில் இலை நிறத்தைப் பார்த்து யூரியா போடுகிறவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும், இங்கே மட்டும் கரும்பச்சை என்றால் வெளிச்சப் பஞ்சம்.

2021 ஆவணியில் கட்டையை முற்றத்தின் மேற்குத் தாழ்வார உத்தரத்துக்கு மாற்றினேன். அங்கே காலை வெயில் ஓட்டு விளிம்பைத் தாண்டி பத்தரை வரை விழும். அப்புறம் நிழல், நாள் முழுக்க வானத்து வெளிச்சம். ஒரே நாளில் மாற்றியதில் ஒரு இலையில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளையாக வெந்துபோனது. அந்த வடு இன்னும் இருக்கிறது. ஒரு வாரத்துக்கு முக்கால் மணி நேரம், அடுத்த வாரம் ஒன்றரை மணி என்று பழக்கியிருக்க வேண்டும். முற்றம் வைத்த பழைய வீட்டை இடித்துவிடலாம், வெயிலும் மழையும் வீட்டுக்குள் வருகிறது என்று என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் சொல்வார். அந்த வெயிலும் காற்றும்தான் இந்தச் செடிக்குத் தேவை. அந்த வருஷத்துக்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கார்த்திகையில் இலை முடிகிற கணுவில் உறை மாதிரி ஏதோ பருத்தது. அதிலிருந்து ஒரு காம்பு. காம்பு வந்த பிறகு கட்டையைத் திருப்பாதீர்கள், மொட்டு வெளிச்சத்தைப் பார்த்து நிற்கும், திருப்பினால் முறுக்கிக்கொள்ளும். மூன்று வாரத்தில் பூ. பிறகுதான் அத்தை கூப்பிட்டது.

இது ஏன் இரவில் மணக்கிறது என்று அத்தை கேட்டார். அங்கே காட்டில் ஹாக் மாத் என்ற பெரிய அந்துப்பூச்சிகள் இராத்திரியில்தான் பறக்கும், இருட்டில் அவற்றுக்கு வழி காட்ட வெள்ளை நிறமும் வாசமும் என்று சொன்னேன். "அப்ப நம்ம பவழமல்லி மாதிரிதான்" என்றார். சரிதான். வாசம் ஏழு மணி வாக்கில் தொடங்கி, எட்டு ஒன்பதுக்கு உச்சத்துக்கு வந்து, விடியும்போது அடங்கிவிடும். பூ ஒன்று எங்கள் வீட்டில் பத்துப் பன்னிரண்டு நாள் நிற்கிறது. இப்போதெல்லாம் வருஷத்தில் மூன்று முறையாவது பூக்கிறது, கார்த்திகையில்தான் அதிகம். போன தடவை பதினொரு பூ. மூடிய அறையில் வைத்தால் தலை கனக்கும் அளவுக்கு வாசம் வரும். தாழ்வாரத்தில் என்றால் காற்று கொண்டு வந்து கொடுக்கிற அளவே போதும்.

முற்றம் இல்லாத வீட்டில் முடியுமா என்று கேட்கிறார்கள். என் தங்கை மகள் தஞ்சாவூரில் அடுக்குமாடியில் இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன் நான்கு இலையோடு ஒரு பங்கைப் பிரித்து, அந்தப் பெரியவர் செய்த சட்டியிலேயே ஓடும் கரியும் மட்டும் போட்டு, மட்டை சேர்க்காமல் கொடுத்தேன். மூன்று நான்கு இலைக்குக் குறைவாகப் பிரிக்கக் கூடாது, எழுந்து வர வருஷக்கணக்கில் ஆகும். கிழக்குப் பார்த்த சன்னல் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறாள். கண்ணாடியைத் திறந்தே வைக்கிறாள், திறக்க முடியாத நாளில் காற்றாடியை மெதுவாகச் சுழல விடுகிறாள். கோடையில் ஏசி வெளியே விடும் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றுகிறாள். மழைத் தண்ணீருக்கு அடுத்தபடி அதுவும் உப்பில்லாத தண்ணீர்தான். ஏசி ஓடும் அறைக்குள் மட்டும் வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன், ஈரப்பதம் சுத்தமாகப் போய்விடும்.

ஆறு மாதம் எதுவும் நடக்கவில்லை. "பெரியம்மா, செத்துப்போச்சா உயிரோட இருக்கா, ஒண்ணுமே தெரியல" என்று புலம்புவாள். வேர் நுனி என்ன நிறம் என்று மட்டும் கேட்பேன். பச்சை என்பாள். அப்படியே விடு என்பேன். போன மாதம் ஒரு நாள் இராத்திரி ஒன்பது மணிக்குப் போன் வந்தது. எடுத்தால் அவள் என்னிடம் பேசவே இல்லை, "பாட்டிகிட்ட குடுங்க" என்றாள். அத்தை போனைக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கேட்டார். "எலுமிச்சம்பூ மாதிரி ஆரம்பிக்குதா?" என்றார். அப்புறம், "ஆமா, அதான். அதேதான்" என்றார்.